கறுப்புத் துணியில் தங்கம் ஏன் கடுகாகிறது?

தாராவியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணாச்சி, 90 அடி ரோட்டுப் பக்கம் மாடி அறை ஒன்றில் நானும் என் தம்பியும் ஒன்றரை வருஷமாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறோம். வெள்ளைத் துணியில் பிக்மென்ட் பிரிண்ட் எல்லாம் நன்றாகவே வரும். இப்போது ஒரு கணபதி மண்டலுக்கு (பிள்ளையார் விழா நடத்தும் குழு) கறுப்பு டி-ஷர்ட் 180 பீஸ் ஆர்டர். நெஞ்சில் தங்க எழுத்து, முதுகில் பிள்ளையார் கோட்டுருவம். தண்ணீர் பேஸ்டில் கோல்டு பவுடர் கலந்து, எங்களிடம் இருக்கும் 90 டி மெஷ்ஷில் (ஸ்கிரீன் வலை) 40 பீஸ் அடித்தோம். ஈரமாக இருக்கும்போது மின்னியது, காய்ந்ததும் கடுகு அரைத்துப் பூசியதுபோல் ஆகிவிட்டது. பத்து அடிக்கு ஒருமுறை ஸ்கிரீன் அடைக்கிறது. ஒரு துவைப்பிலேயே பவுடர் கையோடு வருகிறது. மிச்ச பேஸ்ட் மறுநாள் டப்பாவில் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தது. கடைக்காரர் பவுடரை இன்னும் கூட்டிப் போடச் சொன்னார், போட்டால் இன்னும் மோசம். மண்டல்காரர் நகைக்கடை போர்டு மாதிரி மின்னவேண்டும் என்கிறார். 140 பீஸ் பாக்கி, கையில் 12 நாள். என்ன செய்வது?"

தம்பி, முதலில் அந்தப் பவுடர் டப்பாவை மூடி ஓரமாக வையுங்கள். இதற்குமேல் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். கடைக்காரர் பவுடர் விற்கிறவர், அவர் வேறென்ன சொல்வார்.

மஞ்சள், சிவப்பு, நீலம் மாதிரி தங்கமும் ஒரு கலர் என்று நினைத்து அடித்திருக்கிறீர்கள். பிக்மென்ட் பிரிண்டில் பழகிய எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். மஞ்சள் தூள் எப்படிக் கிடந்தாலும் மஞ்சள்தான், துணிக்குள் இறங்கினாலும் மஞ்சள், மேலே நின்றாலும் மஞ்சள். கோல்டு பவுடர் அப்படி இல்லை. அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை, மெல்லிசாகத் தட்டிய செதில். சாயனில் மீன் வாங்கும்போது பார்த்திருப்பீர்கள்: மத்தி மீனின் உடம்பில் செதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்போது கண்ணாடிபோல் மின்னும், அதே செதிலைச் சுரண்டிக் கல்மேல் குவித்தால் சாம்பல் நிறக் குப்பை. செதில் மாறவில்லை, படுத்திருந்தது நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் தங்கத்துக்கும் அதுதான் நடந்திருக்கிறது. செதில்கள் துணிமேல் மட்டமாகப் படுத்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வரும், அதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். பனியன் துணியின் நூல் சந்துகளிலும் மயிர்க்கால்களிலும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தால் கடுகு.

ஈரத்தில் மின்னியதற்கும் இதுதான் காரணம். பேஸ்ட் ஈரமாக இருக்கும்வரை அதன் மேல்பரப்பு வழவழவென்று மட்டமாக நிற்கும், செதிலும் அதோடு மட்டமாக மிதக்கும். தண்ணீர் ஆவியானதும் அந்தப் படலம் சுருங்கித் துணியின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும், துணி சொரசொரப்பாக இருந்தால் செதிலும் அப்படித்தான். ஆகவே கறுப்பு உங்கள் எதிரி இல்லை, உண்மையில் கறுப்பு தங்கத்துக்கு நல்ல பின்னணி. எதிரி துணியின் முரட்டுத்தனம். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே செதிலைத் துணிக்குள் இறங்கவிடாமல் மேலேயே மட்டமாகப் படுக்கவைப்பதற்குத்தான்.

மெஷ்ஷுக்கு வருவோம். 90 டி என்றால் சென்டிமீட்டருக்கு 90 நூல். அதன் கண் சுமார் 60 மைக்ரான்தான் இருக்கும். கோல்டு பவுடரின் செதில் தரத்தைப் பொறுத்து 10 முதல் 50 மைக்ரான்வரை போகும், இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டால் அதற்கு மேலும். கண் குறைந்தது செதிலைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்பது கணக்கு. நீங்கள் செய்ததோ மாவு சலிப்பதுபோல ஆகிவிட்டது. பவுடரைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் கீழே போய்விட்டது, பவுடர் சல்லடையிலேயே தங்கிவிட்டது. பத்து அடிக்கு ஒருமுறை அடைத்ததும் இதனால்தான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு இன்னும் கொட்டினீர்கள், சல்லடையில் இன்னும் கொஞ்சம் கப்பி சேர்ந்தது. 43 டி மெஷ் போடுங்கள். அதன் கண் சுமார் 150 மைக்ரான், சாதாரண கோல்டு பவுடர் தாராளமாக இறங்கும். நெஞ்சு எழுத்து தடித்த எழுத்தாக இருந்தால் 34 டி-கூடப் போடலாம், படலம் இன்னும் கனமாக விழும். ஆனால் முதுகில் இருக்கும் பிள்ளையார் கோட்டுருவத்துக்கு 34 வேண்டாம், வளைவுகளில் ஓரம் ரம்பம் ரம்பமாக வரும். 43-லும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடுகள் நிற்காது. டிசைன் போட்டுக்கொடுத்த பையனிடம் சொல்லித் தும்பிக்கைக் கோடுகளைத் தடிமனாக்கி வாங்குங்கள். எலியின் மீசையைச் சுத்தமாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இதோடு கிளிட்டரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளிட்டர் பிளாஸ்டிக் துண்டு, வழக்கமாகக் கிடைப்பது 200 மைக்ரான் அளவில் இருக்கும், 43-லும் இறங்காது. அது வேறு மெஷ், வேறு வேலை.

அடுத்தது கை. சொன்னால் வருத்தப்படக்கூடாது, வெள்ளைத் துணியில் பழகிய கை கறுப்புத் துணியில் மெட்டாலிக்குக்கு ஆகாத கை. என் மாமா லோயர் பரேலில் ஒரு மில்லின் சாயப் பகுதியில் இருந்தவர். 1982 ஸ்டிரைக் முறையாக முடிந்ததாக ஒருவரும் அறிவிக்கவில்லை, வேலைதான் முடிந்தது. அப்புறம் சாக்கிநாக்காவில் ஒரு பிரிண்டிங் காலாவில் (சின்னப் பட்டறை) ஒதுங்கினார், சில வருஷம் கழித்து அவர் வாலைப் பிடித்துக்கொண்டு நானும். முதல் முறை என்னிடம் சில்வர் அடிக்கக் கொடுத்தபோது, வெள்ளையில் அடிப்பதுபோல் முழு உடம்பையும் ஸ்குவீஜி (மையை இழுக்கும் ரப்பர் கட்டை) மேல் சாய்த்து இரண்டு இழுப்பு இழுத்தேன். மாமா ஒன்றும் பேசவில்லை, சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். உள்ளே வெள்ளி மின்னியது, வெளியே சிமெண்டுப் பூச்சு. "வெளியே போடுற சட்டைக்கு உள்ளே நகை மாட்டியிருக்கே" என்றார். இன்றைக்கும் மெட்டாலிக் அடிக்கும்போது முதல் பீஸைத் திருப்பிப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். உள்பக்கம் பிரிண்டின் நிழல் தெரிந்தால் அழுத்தம் அதிகம்.

செய்யவேண்டியது இது. ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், பலகையின் மூலையில் பழைய காசை ஒட்டினாலே போதும். முதலில் அழுத்தாமல் பேஸ்டை ஸ்கிரீன்மேல் இழுத்துப் பரப்பிக் கண்களை நிரப்புங்கள். பிறகு ஒரே இழுப்பு, ஸ்குவீஜியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, ஸ்கிரீன் துணியைத் தொட்டு உடனே எழும்புகிற அளவுக்கு மட்டும் அழுத்தம். இரண்டாம் இழுப்பு வேண்டாம். முதல் இழுப்பில் படுத்த செதிலை இரண்டாவது இழுப்பு கிளறிவிடும். சரியாக விழவில்லை என்றால் தப்பு மெஷ்ஷிலோ பேஸ்டிலோதான், கையால் அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். ரப்பர் 60, 65 கடினத்தில் மெத்தென்று இருக்கட்டும், 80-ஐ வைத்துக் கறுப்புத் துணியோடு மல்லுக்கட்டாதீர்கள்.

இப்போது முக்கியமானது, அடித்தளம். நேராகத் துணிமேல் தங்கத்தைப் போட்டால் எவ்வளவு மென்மையாக இழுத்தாலும் துணியின் மயிர் அதைத் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே கீழே ஒரு பூச்சு வேண்டும், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல. உங்கள் பகுதியில் காடி என்று சொல்லி விற்கிற வெள்ளைப் பேஸ்ட் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெள்ளையாக அடிக்காதீர்கள். மஞ்சளும் ஒரு சொட்டுப் பழுப்பும் கலந்து பழைய மாம்பழத் தோல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். சில்வர் என்றால் சாம்பல் நிறம். காரணம் எளிது, தங்கம் எங்கேயாவது ஓட்டையாக விழுந்தால் வெள்ளை எட்டிப் பார்த்து மானத்தை வாங்கும், மஞ்சள் பார்த்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அதே காரணத்துக்காக அடித்தளத்து ஸ்கிரீனுக்கு எடுக்கும் ஃபிலிமில் டிசைனை ஓரத்தில் லேசாக உள்வாங்கச் செய்யுங்கள்.

அடித்தளம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தபிறகுதான் தங்கம். இந்த மழைக்காலத்தில் அது தானாகக் காயும் என்று பலகைகளைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், ஹீட் கன் பிடியுங்கள். காய்ந்ததும் உங்களிடம் ஹீட் பிரஸ் இருந்தால் டெஃப்லான் ஷீட் போட்டு ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். அந்த இடம் கார்டு அட்டைபோல வழுவழுப்பாகிவிடும், அதன்மேல் தங்கம் விழும்போது நீங்களே சிரிப்பீர்கள். ஒரே ஒரு சிக்கல், பிரஸ்ஸுக்குப் போய்வந்த சட்டை பலகையில் பழைய இடத்தில் உட்காராது. ஆகவே சட்டையைப் பலகையோடு தூக்க முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் அடிக்கும் முன்பே வெறும் சட்டையை அந்த இடத்தில் ஒருமுறை அழுத்தி மயிரை மட்டமாக்குங்கள். பாதி பலன் அதிலேயே கிடைக்கும், துணியின் ஈரமும் போகும்.

பேஸ்ட் பச்சையானதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக் குத்துவிளக்கு என்ன ஆகும்? கறுக்கும், பச்சை பிடிக்கும், அம்மா புளி போட்டுத் தேய்ப்பார். உங்கள் டப்பாவிலும் பித்தளைதான் இருக்கிறது, சட்டைக்குத்தான் புளி போடமுடியாது. பித்தளைக்கு அமோனியா ஆகவே ஆகாது. நாம் வாங்கும் பைண்டர், பேஸ்ட் பலவற்றில் கெட்டிப்படுத்த அமோனியா சேர்த்திருப்பார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் குத்துகிறதா என்று பாருங்கள், குத்தினால் அந்த பைண்டர் தங்கத்துக்கு வேண்டாம். மெட்டாலிக்குக்கு என்றே விற்கும் வாடை குறைந்த பைண்டரைக் கேளுங்கள். மஸ்ஜித் பந்தர் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேட்டு வாங்கலாம். கலந்தது அன்றன்றைக்கே முடியவேண்டும், இட்லி மாவு மாதிரி மறுநாளைக்கு வைக்கிற பொருள் இல்லை.

ஆனால் உங்கள் ஆர்டருக்கு நான் பித்தளையே வேண்டாம் என்பேன். யோசித்துப் பாருங்கள், இந்தச் சட்டையை யார் எங்கே போடப்போகிறார்கள்? மண்டல் பையன்கள், பத்து நாள், கடைசியில் பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன் அன்று டோல் அடித்துக்கொண்டு ஆறு மணிநேரம் மழையிலும் வியர்வையிலும். வியர்வையில் உப்பு இருக்கிறது, பித்தளையை அது சும்மா விடாது. அதற்குப் பதில் மைக்கா கோல்டு என்று கேளுங்கள், சில கடைகளில் பேர்ல் கோல்டு என்பார்கள். அது உலோகமே இல்லை, அப்பிரகச் செதிலின்மேல் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பூசியது. கறுக்காது, பச்சையாகாது, அமோனியாவைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு குறை உண்டு, பித்தளை அளவுக்கு மூடும் சக்தி அதற்குக் கிடையாது, அடித்தளம் இல்லாமல் கறுப்பில் போட்டால் பேய்போலத் தெரியும். மாம்பழ மஞ்சள்மேல் போட்டால் பட்டுச் சேலை ஜரிகை மாதிரி மென்மையான தங்கம். பித்தளையின் முரட்டு மினுக்கு வராது, அதை மண்டல்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

இல்லை, பித்தளைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பவுடர் வாங்கும்போது லீஃபிங்கா நான்-லீஃபிங்கா என்று கேட்டு வாங்குங்கள். லீஃபிங் செதில் பேஸ்டின் மேலே மிதந்து வந்து படுக்கும், நன்றாக மின்னும், ஆனால் மேலே கிடப்பதால் கைபட்டாலே வரும். நான்-லீஃபிங் படலத்துக்குள் அடங்கியிருக்கும், மினுக்கம் ஒரு படி குறைவு, துவைப்புக்கு நிற்கும். சட்டைக்கு இரண்டாவதுதான். உங்களிடம் கையோடு வந்தது லீஃபிங்காக இருந்திருக்கலாம், ஆனால் முக்கியக் குற்றவாளி அதிகப் பவுடர்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு செதிலையும் பிடித்துக்கொள்ளப் பைண்டர் வேண்டும். பந்தியில் ஆள் கூடிக்கொண்டே போனால் இலை எங்கே மிஞ்சும்? நான் போடுவது ஒரு கிலோ பேஸ்டுக்கு 150 கிராம் பித்தளைப் பவுடர், கனமான மூடல் வேண்டுமென்றால் 200, அதற்குமேல் ஒருபோதும் போவதில்லை. கண்ணால் அளக்காதீர்கள், காய்கறித் தராசாவது வாங்கி வையுங்கள். சில்வரில் பாதி எடையே போதும், அது அலுமினியம், பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கனம், 80 கிராம் போட்டாலே டப்பா நிறைய இருக்கும். பவுடரை முதலில் கொஞ்சம் பேஸ்டில் குழைத்து, பிறகு மீதியில் கலக்குங்கள். மெதுவாகக் கையால்தான். மிக்ஸர் போட்டு அரைத்தால் செதில் வளைந்தும் உடைந்தும் போய்விடும், அப்புறம் கடவுளே வந்தாலும் மின்னாது.

சில்வரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நீங்கள் அதைத் தொடத்தான் போகிறீர்கள். அலுமினியத் தூள் தண்ணீர் பேஸ்டில், அதிலும் காரம் கூடிய பேஸ்டில் ஹைட்ரஜன் வாயு விடும். கலந்ததை இறுக மூடி வைத்த டப்பா மறுநாள் உப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை மூடி கூரைத் தகரத்தில் போய் மோதியது. உலர்ந்த தூளோ காற்றில் பறந்தால் தீப்பற்றும். உங்கள் அறை மாடி அறை, ஒரே வாசல். ஃபேனை நிறுத்திவிட்டு, ஹீட் கன்னையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு டப்பாவைத் திறங்கள். பீடி பிடிக்கிறவரை வெளியே அனுப்புங்கள். அந்தத் தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல் ஒரு வாளி வைத்திருங்கள். ஸ்கிரீன் கழுவும்போதும் மிச்ச பேஸ்டைக் கழுநீர்க் கால்வாயில் தள்ளாதீர்கள், முதலில் அட்டையால் வழித்துப் பழைய துணியில் துடைத்துக் காயவைத்துக் குப்பையில் போட்டு, அப்புறம் கழுவுங்கள். உங்கள் தெருக் கால்வாய் மித்தி ஆற்றுக்குப் போய் மாஹிம் கழிமுகத்தில் விழுகிறது, செம்பு மீனுக்கு விஷம். மத்தி மீனை உவமைக்கு இழுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

துவைப்பில் போவதற்கு இன்னொரு காரணம் சூடு போதாமை. கடிதத்தில் எப்படிச் சூடுகாட்டிக் கியூர் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, அதனால் வெயிலில் காயப்போட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். மும்பை ஆகஸ்டில் ஏது வெயில். தண்ணீர் பேஸ்டில் பைண்டர் பிடிக்க 150 டிகிரி வேண்டும், அதுவும் தண்ணீர் முழுக்கப் போனபிறகு. பருத்தி சாதாரணமாகவே எடையில் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், இந்த மாதத்தில் இன்னும் அதிகம். அந்த ஈரம் ஆவியாகும்வரை பிரிண்டின் சூடு ஏறாது. ஹீட் பிரஸ்ஸில் செய்வதென்றால் முதலில் லேசாக மூடிப் பத்து விநாடி, திறந்து ஆவியைப் போகவிட்டு, டெஃப்லான் ஷீட்டோடு 30, 40 விநாடி. இதில் ஒரு லாபமும் உண்டு, அந்த அழுத்தத்தில் செதில் இன்னும் மட்டமாகப் படுத்து மினுக்கம் ஒரு படி ஏறும். பக்கத்தில் சூடுகாட்டும் கன்வேயர் வைத்திருப்பவர் யாராவது பீஸ் கணக்கில் விட்டுத்தந்தால் இன்னும் நல்லது. சூடு பார்க்கும் துப்பாக்கி வைத்திருந்தால் தங்கத்தின்மேல் அடித்துப் பார்க்காதீர்கள், பளபளப்பான உலோகத்தில் அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பக்கத்துக் கறுப்புத் துணியில் அடியுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் ஒரு லாட்டைக் கருக்கியிருக்கிறேன்.

சட்டை பருத்திதானா என்றும் பாருங்கள். மண்டல் ஆர்டர்களில் பாதிக்குப் பாதி டிரை-ஃபிட் என்று பாலியஸ்டரைத் தலையில் கட்டுவார்கள். உள் தையலில் ஒரு நூல் உருவித் தீயில் காட்டுங்கள், காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி மணிபோல் உருண்டால் பாலியஸ்டர். பாலியஸ்டர் என்றால் மேலே சொன்ன 150 டிகிரி ஆபத்து, சாயம் ஆவியாகி மேலே ஏறி மஞ்சளை அழுக்காக்கும். அதற்குக் குறைந்த சூட்டில் பிடிக்கும் மை வேண்டும், எனக்குத் தனியாக எழுதுங்கள்.

மழைக்காலத்தில் ஸ்கிரீனும் ஏமாற்றும். டிசைன் இறக்க ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும், அப்படியே வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்தால் ஐம்பதாவது பீஸில் ஓரம் கரையும். பூசியதை இருட்டுப் பெட்டியில் சின்ன ஹீட்டர் காற்றில் ஒரு ராத்திரி வையுங்கள். தண்ணீர் பேஸ்டுக்குத் தாங்குகிற எமல்ஷனா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். பூசும்போது கையுறை போடுங்கள், அதில் கலக்கும் பைகுரோமேட் தோலுக்கு ஆகாது. என் இடது கை விரலைப் பார்த்தால் நம்புவீர்கள்.

நகைக்கடை போர்டு விஷயத்துக்கு வருகிறேன். அது மையில் வராது தம்பி. எந்த மையிலும் வராது. அவர் போனில் பார்த்த டிசைனில் தங்கம் மேலே வெளுத்துக் கீழே கறுத்து ஒளி ஓடும், அது கம்ப்யூட்டர் வரைந்த ஒளி. கண்ணாடி மாதிரி மின்னவேண்டும் என்றால் ஃபாயில்தான், பசையை ஸ்கிரீனில் அடித்து, காயவைத்து, ஃபாயில் தாளை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டி உரிப்பது. முதல் நாள் அசத்தும். பனியன் துணி இழுபடும்போது வெடிக்கும், நாலைந்து துவைப்பில் பழைய சுவர்போல் ஆகும். மேடையில் நிற்கும் பத்துப்பேர் கமிட்டிக்கு ஃபாயில், மீதிப்பேருக்கு மைக்கா கோல்டு என்று பேசிப்பாருங்கள், நான் இப்படிப் பலமுறை பேசி முடித்திருக்கிறேன். கமிட்டிக்காரர்களுக்கு வித்தியாசமாகத் தெரிவது பிடிக்கும். போனில் படம் அனுப்பி ஓகே வாங்காதீர்கள், இரண்டு மாதிரியையும் அதே கறுப்புச் சட்டையில் அடித்து நேரில் கொண்டுபோய், டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டுங்கள், அவர் கையெழுத்தையும் மாதிரித் துணியிலேயே வாங்குங்கள்.

அடித்த 40 பீஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேலேயே மறுபடி அடித்தால் என்ன என்று உங்கள் தம்பி சொல்லியிருப்பார். வேண்டாம். கீழே இருக்கிற பவுடரே உதிர்கிறது, மேலே போடுவது அதோடு சேர்ந்து உரிந்து வரும், 40 சட்டையையும் எழுத்துக்கு எழுத்து பொருத்தி வைக்கவும் முடியாது. நஷ்டம்தான். ஹீட் பிரஸ்ஸில் நன்றாகச் சுட்டு ஒன்றைத் துவைத்துப் பாருங்கள், உதிர்வது நின்றால் பந்தல் போடுகிறவர்களுக்கும் பிரசாதம் கொடுக்கிறவர்களுக்கும் பாதி விலைக்குக் கொடுக்கலாமா என்று மண்டல்காரரிடமே கேளுங்கள். கேட்கிற நேரம் முக்கியம், நல்ல மாதிரியைக் காட்டி அவர் முகம் மலர்ந்த பிறகு.

12 நாளில் 140 பீஸ் இரண்டு பேருக்குச் சிரமமே இல்லை, அவசரப்பட்டால்தான் சிரமம். முதல் மூன்று நாளில் ஆர்டர் பீஸ் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். ஃபிரேம், எமல்ஷன், மாதிரி, அவ்வளவே. மாதிரியை ஒரு நாள் அப்படியே விட்டு, வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக் காய்ந்தபடி பத்துத் தேய்ப்பு, நனைத்துப் பத்துத் தேய்ப்பு. நனைந்த துணியில் லேசாக மின்னினால் பரவாயில்லை, மஞ்சளாக இறங்கினால் பவுடரைக் குறைத்து, சூட்டைக் கூட்டி மறுபடி. அப்புறம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் தம்பி இரண்டு நாள் வேலை செய்யட்டும், ராத்திரி உள்பக்கம் திருப்பித் துவைத்துக் காயப்போடுங்கள். அது தாங்கினால் 140-ஐ ஆரம்பியுங்கள்.

ஃபிரேம் இழுக்கக் கொடுக்கும்போது 43 டி என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கையில் இருக்கிற 48-ஐ இழுத்துத் தருவார்கள். 48 வந்துவிட்டாலும் திருப்பிக் கொடுத்து இரண்டு நாளை வீணாக்க வேண்டாம், பவுடர் மட்டும் நைஸ் ரகமாக வாங்கிக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்.